பட்டி எம்மன்ஸின் பெடலும் எங்கள் பட்டறை லேத்தும்

மாங்காய் சீசன் முடிந்துவிட்டால் எங்கள் பட்டறையில் வேலை பாதியாகிவிடும். மே பிறந்ததிலிருந்து கிருஷ்ணகிரியைச் சுற்றி இருக்கிற மாங்கூழ் ஃபேக்டரிகளிலிருந்து தேய்ந்த ஷாஃப்ட், உடைந்த புஷ், சூடேறிக் கடித்துப்போன பேரிங் ஹவுசிங் என்று எதையாவது தூக்கிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கும் வந்து நிற்பார்கள், விடிந்தால் லோடு இறங்குகிறது, எப்படியாவது முடித்துக் கொடுங்கள் என்று. ஆகஸ்டில் அந்தச் சத்தமெல்லாம் அடங்கிவிடும். போர்வெல் மோட்டார் ஷாஃப்ட் ஒன்றிரண்டு வரும், டிராக்டர் பின் வரும், டீ வரும்.

போன ஆகஸ்டில் அப்படி டீயோடு உட்கார்ந்திருந்தபோதுதான் சர்ச்சில் கிட்டார் வாசிக்கிற தம்பி ஒருவன் ஃபோனை நீட்டினான். "அண்ணா, இவரு இடது கையில வெச்சிருக்காரு பாருங்க, இதே மாதிரி ஒரு இரும்புத் துண்டு கடைஞ்சு குடுப்பீங்களா?" நான் பார்த்தது துண்டின் அளவுக்காகத்தான். ஒரு பழைய வீடியோ, நிறம் மங்கிப்போனது. மேசை மாதிரி நான்கு கால் வைத்த ஒரு பெட்டி, அதன்மேல் கம்பிகள், பின்னால் ஒரு மனிதர் குனிந்து உட்கார்ந்து கையில் ஒரு உருண்டை இரும்புத் துண்டைக் கம்பிகள்மேல் கிடத்தி வாசித்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு எம்.எம். இருக்கும், எண்பது எம்.எம். நீளம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே பார்க்கிறேன், அந்தக் கை ஒரே இடத்தில் நிற்கிறது, ஆனால் ஸ்வரம் மட்டும் மேலே ஏறுகிறது. கூடவே ஒலிக்கிற மற்ற கம்பிகள் இருந்த இடத்திலேயே நிற்கின்றன. வீடியோவை நிறுத்திப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன். கை அசையவே இல்லை.

"யாருப்பா இவரு?" என்றேன். பட்டி எம்மன்ஸ் என்றான்.

அன்றிலிருந்து ஒரு வருஷமாக இந்த மனிதரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பட்டறையில் லேத் ஓடும்போது காதில் அவர்தான். வீட்டில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த வாத்தியத்தின் பெயர் பெடல் ஸ்டீல் கிட்டார். நம் ஊரில் கிட்டார் என்றாலே தோளில் மாட்டுவது என்ற நினைப்பு இருப்பதால் முதலில் இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். பத்துக் கம்பி. விரலால் அழுத்திப் பிடிப்பது கிடையாது, கம்பி பலகையைத் தொடவே தொடாது, மேலே சறுக்குகிற அந்த இரும்பு பார்தான் ஸ்வரத்தைத் தீர்மானிக்கிறது. இதுவரைக்கும் நம்ம கோட்டுவாத்தியம்தான், அங்கே கருங்காலிக் கட்டை, இங்கே இரும்பு, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் இதற்குக் கீழே பெடல்கள் இருக்கின்றன, முட்டியால் தள்ளுகிற லீவர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பெடலும் சில கம்பிகளை மட்டும் இழுத்து அரை ஸ்வரமோ ஒரு ஸ்வரமோ ஏற்றும். வீணையில் மெட்டின்மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் கொடுப்பார்களே, அந்த வேலையைக் காலால் செய்வது. கோட்டுவாத்தியத்தின் சறுக்கலும் வீணையின் இழுப்பும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் செய்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இடது கை பாரில், வலது கையில் கட்டைவிரலுக்கு ஒரு பிளாஸ்டிக் நகம், இரண்டு விரலுக்கு உலோக நகம், இடது கால் பெடல்களில், இரண்டு முட்டியும் லீவர்களில், வலது கால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற தனி பெடலில். சும்மா இருப்பது தலை மட்டும்தான், அதுவும் சும்மா இருப்பதில்லை.

இதன் பூர்வீகம் ஹவாய் தீவு. பள்ளிக்கூடப் பையனாக இருந்த ஜோசப் கெகுகு 1880களின் கடைசியில் கம்பிமேல் இரும்பைச் சறுக்கி வாசிக்க ஆரம்பித்தார் என்பார்கள். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய் மின்சாரம் ஏறி, பெட்டியாகி, கால் முளைத்தது. பெடல் வைத்துக் கட்டியவர்களில் எனக்குப் பிடித்தவர் பால் பிக்ஸ்பி. மனுஷன் வார்ப்புக்கு மரத்தில் பேட்டர்ன் செதுக்குகிற வேலைக்காரர், மோட்டார் சைக்கிள் கம்பெனியில் பாகங்கள் செய்தவர், வண்டிப் பந்தயக்காரர் வேறு. 1948இல் ஸ்பீடி வெஸ்ட் என்கிற வித்வானுக்கு ஒன்று செய்து கொடுத்தார். ஒரு பட்டறைக்காரன் கை பட்டுத்தான் இந்த வாத்தியம் எழுந்து நின்றது என்று படித்த அன்று நான் எங்கள் லேத்தைத் துடைத்து எண்ணெய் போட்டேன், காரணம் இல்லாமல்.

முதலில் எல்லோரும் பெடலை ஒரு சுருதியிலிருந்து இன்னொரு சுருதிக்கு மாற்றும் சுவிட்ச் மாதிரிதான் நினைத்திருக்கிறார்கள். பட் ஐசக்ஸ் என்பவர் வெப் பியர்ஸின் பாட்டு ஒன்றில் கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். 1954இல் அந்தப் பாட்டு நாடெங்கும் ஓட, ஊரில் உள்ள ஸ்டீல் வாசிப்பவர்கள் எல்லாரும் பெடலுக்கு அலைந்தார்களாம். ஐசக்ஸின் பெடல் இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்தே ஏற்றியது. அதை இரண்டாகப் பிரித்துத் தனித்தனிப் பெடலாக்கியவர்தான் பட்டி எம்மன்ஸ்.

கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். நம் ஸ்வரத்தில் சொன்னால் புரியும். இந்த வாத்தியத்தின் பிரதான சுருதிக்கட்டில் மேற்கத்தியர் E என்கிற ஸ்வரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொள்வோம். கம்பிகளில் ஸ, அந்தர காந்தாரம், ப இருக்கின்றன. முதல் பெடல் பஞ்சமத்தைத் தூக்கிச் சதுஸ்ருதி தைவதத்தில் வைக்கிறது. இரண்டாம் பெடல் காந்தாரத்தைத் தூக்கிச் சுத்த மத்யமத்தில் வைக்கிறது. இரண்டையும் சேர்த்து மிதித்தால் ஸ-க-ப என்று நின்றது ஸ-ம-த ஆகிவிடும், வேறு ஒரு வீட்டுக்குள் போன மாதிரி இருக்கும். முதல் பெடலை மட்டும் மிதித்தால் ஸ-க-த, உடனே சோகம் வந்து உட்கார்ந்துவிடும். சேர்ந்தே இருந்தபோது ஒரு வழிதான் இருந்தது. பிரித்ததும் பஞ்சமம் ஏறிக்கொண்டிருக்கும்போது காந்தாரம் காத்திருக்கலாம், காந்தாரம் வந்து சேரும்போது தைவதம் இறங்கிக்கொண்டிருக்கலாம். அதற்கப்புறம் இவரே மேல்பக்கம் இரண்டு கம்பிகளையும் சேர்த்தார், ரிஷபம் ஒன்று, காகலி நிஷாதம் ஒன்று. வேடிக்கை என்னவென்றால் அந்த இரண்டு கம்பியும் மூன்றாம் கம்பியைவிடச் சுருதி குறைந்தவை. முதல் கம்பிதான் உச்சம் என்று நினைத்து வாசிக்க உட்கார்ந்தால் தலை சுற்றும். இன்றைக்கும் அந்த வரிசைதான்.

ஆள் பிறந்தது 1937இல், இந்தியானா மாநிலத்தில் மிஷவாகா என்ற ஊர். 18 வயதில், 1955இல், லிட்டில் ஜிம்மி டிக்கன்ஸ் என்ற பாடகரின் குழுவில் சேர்ந்து, கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமத்துப் பாட்டின் தலைநகரான நாஷ்வில்லுக்கு வந்துவிட்டார். இரண்டே வருஷத்தில் ஷாட் ஜாக்சன் என்பவரோடு சேர்ந்து ஷோ-பட் என்ற பெயரில் வாத்தியம் செய்ய ஆரம்பித்தார். 1963இல் அதை விட்டு வெளியே வந்து தன் பெயரிலேயே எம்மன்ஸ் கம்பெனி. 2015இல் காலமானார். வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவு போதும்.

சரி, பார் கதைக்கு வருகிறேன். ஸ்டாக்கில் கிடந்த 25 எம்.எம். 304 எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ராடில் ஒரு துண்டு வெட்டி லேத் சக்கில் மாட்டினேன். 22 எம்.எம்.முக்கு இறக்கி 83 எம்.எம்.மில் அறுத்தேன். ஒரு முனை தோட்டா மாதிரி உருண்டை, அது ஏனென்றால் பாரைத் தூக்கி அந்த மூக்கால் ஒற்றைக் கம்பியை மட்டும் தொட வேண்டி வரும். மறுமுனையில் கட்டைவிரல் பதிய ஒரு குழி. எடை போட்டால் கால் கிலோ. அழகாக இருந்தது, எனக்கே பெருமை. தம்பி தன் கிட்டாரை மடியில் கிடத்தி வைத்துப் பார்த்தால், தடித்த கம்பிகள்மேல் சறுக்கும்போது "உஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம், சாக்குப்பையைச் சிமெண்டுத் தரையில் இழுக்கிற மாதிரி. டூல் மார்க், லேத் உளி விட்டுப்போன கோடு. கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் வருடினால்கூடத் தெரியாது, கம்பிக்குத் தெரிகிறது. 400 எமரி, 800, 1200, அப்புறம் பஃபிங் சோப்பு போட்டு ஒரு மணி நேரம். முகம் பார்க்கிற அளவுக்கு வந்தபிறகுதான் சத்தம் அடங்கியது. ஃபேக்டரி ஷாஃப்டுக்கு நான் இதில் பாதி உழைப்புகூடப் போட்டதில்லை, அந்த ஃபேக்டரிக்காரர்கள் யாரும் இதைப் படிக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

தம்பி பாரை வாங்கிக்கொண்டு போய்விட்டான். எனக்குத்தான் பிடித்துக்கொண்டது. அந்தப் பெடல் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. வாங்கலாம் என்றால் நல்ல வாத்தியம் லட்சக்கணக்கில், சுங்கவரி தனி. சரி, ஒரே ஒரு பெடலாவது செய்து பார்ப்போம் என்று வீட்டில் கழற்றிப்போட்டிருந்த பழைய தேக்கு நிலைச்சட்டத்தில் ஒரு துண்டை எடுத்து ஆறு கம்பி கட்டினேன், ஸ-ப-ஸ-க-ப-ஸ. மேல் பஞ்சமக் கம்பியின் பிரிட்ஜ் முனையில் ஒரு சின்ன விரல் மாதிரி நெம்புகோல், அதிலிருந்து ஒரு ராடு, அதிலிருந்து பைக் கிளட்ச் கேபிள், கீழே ஒரு பலகைத் துண்டு. மிதித்தால் ப போய் த ஆக வேண்டும்.

ஆனது. முதல் தடவை மிதித்து அந்த ஸ்வரம் ஏறியபோது பட்டறையில் இருந்த இரண்டு பையன்களும் கை தட்டினார்கள். பெடலை விட்டேன். திரும்பி வந்தது பஞ்சமம் இல்லை. பஞ்சமத்துக்குக் கொஞ்சம் கீழே எங்கேயோ நின்றது, வீட்டு வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வராத மாப்பிள்ளை மாதிரி.

டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். பஞ்சமத்திலிருந்து தைவதத்துக்கு ஒரு முழு ஸ்வரம் ஏற அந்தக் கம்பி நகர்வது முக்கால் எம்.எம்.கூட இல்லை. 0.65 பக்கம். ஒரு முழு ஸ்வரம் என்பது 200 செண்ட். அப்படியானால் 0.05 எம்.எம். ஆட்டம் இருந்தாலே 15 செண்ட் போய்விடும், அது யார் காதுக்கும் தெரியும். என் நெம்புகோல் புஷ்ஷில் இருந்த ஆட்டமோ அதற்கு மேல். கம்பியின் மறுமுனையில் நட்டில் (கம்பிகள் ஏறி உட்காருகிற கட்டை, போல்ட் நட் இல்லை) வேறு உராய்வு, இழுக்கும்போது அந்தப்பக்கக் கம்பி கொஞ்சம் இந்தப்பக்கம் வந்துவிடுகிறது, விடும்போது திரும்பிப் போகமாட்டேன் என்கிறது. புஷ்ஷை மாற்றினேன். நட்டுக்குப் பதிலாகப் பித்தளையில் ஆறு சின்ன உருளை கடைந்து, ஒவ்வொன்றிலும் கம்பி உட்கார ஒரு காடி வெட்டிப் போட்டேன். (பெருமையாகச் செய்து முடித்தபிறகுதான் தெரிந்தது, பெடல் ஸ்டீலில் எப்போதிலிருந்தோ அப்படி உருளை நட்தான் இருக்கிறதாம்.) பிசகு 4 செண்டுக்கு இறங்கியது. அப்புறம் பார்த்தால் பெடலை மிதிக்கும்போது என் தேக்குச் சட்டமே வளைகிறது, மற்ற ஐந்து கம்பியும் சுருதி இறங்குகிறது. இதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், கேபினெட் டிராப். பெரிய கம்பெனி வாத்தியத்திலும் இது துளியாவது இருக்கும் என்று தெரிந்ததும் கொஞ்சம் ஆறுதல்.

இவ்வளவு அடி வாங்கியபிறகுதான் எம்மன்ஸ் கம்பெனியின் புஷ்-புல் வாத்தியத்தைப் பற்றிப் படித்தது மண்டையில் ஏறியது. இந்த வாத்தியத்தை வாசிப்பவர்கள் அறுபது வருஷமாக அந்த நாதத்தைப் பற்றிப் பேசி ஓயவில்லை. மற்ற முறையில் கம்பி சுற்றி வருகிற அந்த உலோக விரல் இரண்டு துண்டு, ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று, ஸ்பிரிங் பிடித்து நிறுத்தியிருக்கும். சௌகரியமான முறை, சுருதி சேர்ப்பதும் சுலபம். புஷ்-புல்லில் விரல் ஒரே துண்டு. இழுத்தால் ஏறும், தள்ளினால் இறங்கும், ஒன்றும் செய்யாதபோது பாடியோடு சேர்ந்து அழுத்தமாக உட்கார்ந்துவிடும். அட்ஜஸ்ட் செய்வது பெரிய தலைவலி. ஆனால் அந்த உட்காரல் இருக்கிறதே, அதுதான் விஷயம் என்று எனக்குப் படுகிறது. லேத் ஓட்டுகிற எவனுக்கும் இது தெரியும். சக் ஜாவில், அதாவது லேத்தின் கவ்வும் தாடையில், ஜாப் அரை நூல் தளர்வாக இருந்தால் போதும், டூல் பட்டதும் அதிர்ந்து பரப்பெல்லாம் அலை அலையாக வந்துவிடும். அதே ஜாப் இறுக்கமாக உட்கார்ந்தால் ஒரு மெல்லிய சீறல் மட்டும் கேட்கும், சுருள் நீளமாக வரும். கம்பியின் அதிர்வு தளர்ந்த இணைப்பில் கசிந்து செத்துப்போகாமல் கட்டைக்குள் போய்த் திரும்பி வருவதுதான் அந்த நாதம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, என் தேக்குச் சட்டம் சொன்னது.

கிட்டார்காரர்களிடம் பேசினால் "நாதம் எல்லாம் கையிலதான் இருக்கு, வாத்தியத்துல இல்ல" என்பார்கள். தம்பியும் அதைத்தான் சொன்னான். எனக்கு அது அரைகுறைப் பேச்சாகத் தெரிகிறது, வாத்தியம் வாங்க முடியாதவர்களைச் சமாதானப்படுத்தச் சொல்கிற பேச்சு. வாத்தியத்திலும் இருக்கிறது. எம்மன்ஸே அப்படி நினைத்திருந்தால் இரண்டு கம்பெனி ஆரம்பித்திருப்பாரா? ஆனால் கையைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அதே புஷ்-புல்லை வேறு சிலர் வாசிப்பதையும் கேட்டிருக்கிறேன், வழவழ என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூழாக வருகிறது.

எம்மன்ஸின் வலது கையைக் கவனியுங்கள். சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை விளிம்பு கம்பிகள்மேல் படுத்துக்கொண்டே இருக்கும். நகம் மீட்டும் கணத்தில் மட்டும் ஒரு நூலிழை எழும், ஸ்வரம் பிறக்கும், வேண்டிய அளவு ஒலித்ததும் அந்த விளிம்பு மறுபடி படுத்து அதைக் கொன்றுவிடும், அடுத்த ஸ்வரம் சுத்தமான தரையில் வந்து இறங்கும். பாம் பிளாக்கிங் என்கிறார்கள். இன்னொரு வகையில் உள்ளங்கைக்கு வேலையில்லை, மீட்டிய நகமே திரும்பி வந்து கம்பியைத் தொட்டு நிறுத்திவிடும், வேகமான இடங்களுக்கு அது. அவர் கையில் இரண்டும் உண்டு, எங்கே எது என்று கண்ணால் பிரிக்க முடியவில்லை. இடது கையிலோ பாருக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டுவிரலும் கம்பிமேல் இழைந்துகொண்டே வரும், பாருக்குப் பின்பக்கம் கம்பி தானாக முனகாமல் இருக்க. இத்தனையும் சத்தத்தை நிறுத்துகிற வேலை. மீட்டுவது ஒரு பங்கு என்றால் நிறுத்துவது மூன்று பங்கு.

இதை எனக்குப் புரிய வைத்தவர் என் தாய்மாமா. பென்னாகரம் பக்கம் தெருக்கூத்தில் முகவீணை ஊதியவர், நாற்பது வருஷம். இப்போது மூச்சு போதவில்லை, விட்டுவிட்டார். சின்ன வயசில் எனக்கு ஸ்வரம் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். கண் பரிசோதனைக்கு வந்தவர் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன்.

"யாரு மாப்ள இவன்?"

"பட்டி எம்மன்ஸ், மாமா."

"எந்தப் பட்டி? பாப்பாரப்பட்டியா, பாப்பிரெட்டிப்பட்டியா?"

அமெரிக்கா என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். ரே பிரைஸ் என்ற பாடகரின் குழுவில் எம்மன்ஸ் வாசித்த மெதுவான பாட்டு ஒன்று. பாதியில் கேட்டார், "இவன் எங்கடா மூச்சு எடுக்குறான்?"

"இது ஊதுற வாத்தியம் இல்ல மாமா, கம்பி."

"கம்பின்னா மூச்சு வேணாமா? எடுக்குறான்டா, கேளு." என் முட்டியில் விரலால் தட்ட ஆரம்பித்தார், ஒரு தட்டு, இடைவெளி, ஒரு தட்டு. அப்புறம் நான் வீடியோவை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்த உள்ளங்கை விளிம்பு கம்பியில் வந்து படுக்கிற ஒவ்வொரு இடத்திலும் மாமா தட்டியிருந்தார். பாட்டு முடிந்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி, "பாடுறவன் வாயை மூடினதும் இவன் வாயைத் தொறக்குறான், அவன் தொறந்ததும் இவன் மூடிக்கிறான். கூத்துல நான் செஞ்சதும் இதே கூலிதான்" என்றார். எம்மன்ஸுக்கும் கன்ட்ரி பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வரிக்கு நடுவில் நான்கு ஸ்வரம் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிற வேலை. அந்த நான்கு ஸ்வரத்துக்காகத்தான் நான் பாட்டையே கேட்கிறேன் என்பது வேறு.

காந்தார விஷயத்தையும் மாமாதான் பிடித்தார். என் சட்டத்தில் ட்யூனர் ஆப் பார்த்துப் பச்சை விளக்கு வரும்வரை சேர்த்து வைத்திருந்த காந்தாரத்தை மீட்டிவிட்டு முகம் சுளித்தார். ஆணியைத் திருகி இறக்கச் சொன்னார். ஆப் சிவப்பாகிவிட்டது, பத்துப் பன்னிரண்டு செண்ட் கீழே. ஷட்ஜத்தோடு சேர்த்து மீட்டினால் அலை இல்லாமல் கல் மாதிரி நின்றது. ஸ்டீல் வாசிப்பவர்களில் நிறைய பேர் அந்தக் காந்தாரத்தைக் கணக்குக்குக் கீழேதான் வைக்கிறார்கள் என்று பிறகு படித்தேன்.

வலது காலில் இருக்கிற வால்யூம் பெடலைப் பற்றி ஒரு தப்பான எண்ணம் எனக்கும் இருந்தது. சத்தத்தை மெல்ல ஊதிப் பெருக்கி அழ வைக்கத்தான் அது என்று. அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டு நிமிஷத்தில் திகட்டிவிடும். உண்மையான வேலை வேறு. பாதி மிதித்த நிலையில் மீட்டி, கம்பியின் ஒலி தேய்ந்துகொண்டே வர வர அதே அளவுக்குப் பெடலை அழுத்திக்கொண்டே போவது. தேய்வு தெரியாது. ஒரு ஸ்வரம் அதன்பாட்டுக்கு நிற்கிற மாதிரி இருக்கும். கால் வேலை செய்வதே கேட்பவருக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் தப்பு. எம்மன்ஸிடம் தெரிவதில்லை. பாரை உருட்டிக் கொடுக்கிற அசைவும் அப்படித்தான், சின்னது, ஸ்வரம் சரியான இடத்தில் உட்கார்ந்தபிறகுதான் வரும், தப்பான இடத்தை மறைப்பதற்காக வராது.

ஆம்ப் விஷயத்தில் ஸ்டீல்காரர்கள் எலெக்ட்ரிக் கிட்டார்காரர்களுக்கு நேர் எதிர். அவர்களுக்குச் சத்தம் கொஞ்சம் கிழிய வேண்டும், இவர்களுக்குக் கிழியவே கூடாது, மூன்று கம்பி சேர்ந்து ஒலிக்கும்போது கிழிந்தால் சேறாகிவிடும். அதனால் ஃபெண்டர் ட்வின், பீவி செஷன் 400 மாதிரி பலம் நிறைய வைத்துக்கொண்டு அதில் பாதியைத் தொடாமலே விடுகிற ஆம்ப்கள், பல சமயம் பதினைந்து அங்குல ஸ்பீக்கர். என்னுடையது சர்ச்சிலிருந்து தம்பி கடன் கொண்டுவந்த கீபோர்டு பெட்டி. பரவாயில்லை, சுத்தமாகத்தான் பேசுகிறது.

கம்பி வாங்கிய கதை வேண்டாம் என்று நினைத்தேன், ஆனால் வயிறு எரிகிறது. ஆன்லைனில் பத்துக் கம்பி செட் ஆர்டர் போட்டு, இரண்டு மாதம் எங்கேயோ கிடந்து, கம்பி விலைக்கு முக்கால்வாசி வரியும் கட்டி வாங்கிப் பிரித்தால் ஒன்பதுதான் இருந்தது. இல்லாதது மூன்றாம் கம்பி, 0.011 அங்குலம். எல்லாருக்கும் அடிக்கடி அறுகிற கம்பி அதுதான், மயிரிழை கனத்தில் அந்தச் சுருதிக்கு ஏற்றி, அதன்மேல் பெடலால் இன்னும் அரை ஸ்வரம் இழுத்தால் வேறென்ன ஆகும். இரண்டு போட்டு அனுப்பினால்கூடத் தப்பில்லை, ஒன்றுமே போடாமல் அனுப்புகிறார்கள்.

1963இல் நியூயார்க்கில் ஜாஸ் வித்வான்களோடு உட்கார்ந்து எம்மன்ஸ் ஒரு முழு இசைத்தட்டு வாசித்திருக்கிறார். கிராமத்துப் பாட்டுக்காரன் வாத்தியம் என்று ஒதுக்கி வைத்திருந்ததை அந்தச் சபையில் கொண்டுபோய் வைத்தது பெரிய காரியம், வேகம், கணக்கு எல்லாம் பிரமிப்புதான், வாயைப் பிளந்து இரண்டு தடவை கேட்டேன். மூன்றாவது தடவை போடத் தோன்றவில்லை. இதைச் சொன்னால் அவர் ரசிகர்கள் அடிக்க வருவார்கள். எனக்கு அவர் மெதுவாக வாசிப்பதுதான் வேண்டும். ஒரு ஸ்வரத்தில் நின்றுகொண்டு, பஞ்சமத்தைத் தைவதத்துக்கு அனுப்பிவிட்டு, அது போய்ச் சேருகிறவரை காத்திருக்கிற அந்த நேரம். பெடலை ஒரேயடியாக மிதிப்பதில்லை. பாதியில் ஒரு கணம் தயங்குகிறது, நம் வித்வான்கள் கமகத்தில் தயங்குவார்களே அந்த மாதிரி, அப்புறம் ஏறுகிறது. கணுக்காலில் அத்தனை அடக்கம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. நான் மிதித்தால் தையல் மெஷின் மிதிக்கிற மாதிரி இருக்கிறது.

இப்போதைய நிலைமை: ஒரு பெடல் இருக்கிறது, நான்கு செண்ட் இன்னும் மிச்சம் இருக்கிறது. தேக்குச் சட்டத்துக்கு அடியில் ஒரு எம்.எஸ். சேனல் (பள்ளம் வைத்த இரும்புச் சட்டம்) வைத்து போல்ட் போட்டால் வளைவு குறையும் என்று நினைக்கிறேன், விரல் வந்து உட்காருகிற இடத்தில் ஹார்டன் செய்த ஒரு தட்டும் வைக்க வேண்டும், இப்போது இருக்கிற பச்சை இரும்பு இடிபட்டுக் குழி விழுந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு சர்ச்சில் ஒரு பாட்டுக்காவது வாசியுங்கள் அண்ணா என்று தம்பி கேட்டுக்கொண்டிருக்கிறான். காந்தாரத்துக்கு இரண்டாவது பெடல் கட்டி முடிக்காமல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாமாவுக்கு அடுத்த மாதம் மறுபடி கண் டாக்டரைப் பார்க்க வேண்டும், வரும்போது முகவீணையைக் கொண்டுவருகிறேன், வாயில் வைத்து ஊதுகிற சீவாளி மட்டும் புதுசு பார்த்து வை என்றிருக்கிறார். கிருஷ்ணகிரியில் சீவாளி எங்கே கிடைக்கும் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.